ஐம்பொன்னும் அரை டஜன் இட்டிலியும்

என் மைத்துனன் போட்டோ பிடிப்பதையே ஜீவனமாகக் கொண்டவன். கல்யாண வீடுகளிலிருந்து ஒருவாறு தப்பித்துக்கொண்டு, சில வருஷங்களாக வியாபார ஸ்தாபனங்களின் சரக்குகளைப் படம் எடுத்துக் கொடுத்து வருகிறான். சென்ற மார்கழியில், "அத்தான்! ஸ்வாமிமலையில் மூன்று நாள் வேலை. விளக்குப் பிடிக்க ஆள் வேண்டும். பள்ளிக்கூட லீவுதானே, வருகிறீர்களா?" என்றான். இருபது வருஷமாகச் சரித்திரம் போதித்து வரும் நான், சோழ நாட்டுக்கு விளக்குப் பிடிக்கிற உத்தியோகத்திலா போவது என்று ஒரு கணம் யோசித்தேன். கும்பகோணம் காப்பி ஞாபகத்துக்கு வந்தது. சம்மதித்துவிட்டேன்.

விடியற்காலையில் ரயிலை விட்டு இறங்கியதும் முதல் காரியமாக அதைத்தான் கவனித்தோம். டிகிரி காப்பிக்கு அந்தப் பட்டம் எப்படி வந்தது என்பதில் பண்டிதர்களுக்குள் ஒற்றுமை இல்லை. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று கருவி வைத்து டிகிரி பார்த்ததால் வந்தது என்கிறார் ஒருவர். டிகாக்ஷன் என்பதே அப்படித் திரிந்தது என்கிறார் இன்னொருவர். நானும் சர்வகலாசாலையில் ஒரு டிகிரி வாங்கியவன்தான். அது ஒரு நாளும் இவ்வளவு மணத்ததில்லை.

"இட்டிலிக்குக் கடப்பா போடட்டுமா?" என்று பரிமாறுகிறவர் கேட்டார். தரையில் பாவுகிற கல்லை நினைத்துக்கொண்டு நான் விழித்தேன். வந்தது, பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தேங்காயும் சோம்பும் அரைத்துவிட்ட ஒரு குழம்பு. ஆறு இட்டிலிகள் போன இடம் தெரியவில்லை.

ஸ்வாமிமலையில் முதலில் முருகனைத் தரிசித்தோம். அறுபது தமிழ் வருஷங்களின் பெயரால் 60 படிகள். என் வயதுக்குரிய படியை எட்டியபோது மூச்சு வாங்கியது. பிறகு ஸ்தபதியின் பட்டறைக்குப் போனோம்.

அங்கே பார்த்ததைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். ஸ்தபதியிடம் அடிக்கோல் இல்லை. விக்கிரகத்தின் உயரத்துக்கு ஒரு தென்னை ஓலையை நறுக்கி, அதை மடித்து மடித்து முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று அளந்துகொள்கிறார். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து உருவம் செய்கிறார். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணை மெல்லிசாகப் பூசி, நிழலில் உலர்த்தி, மறுபடியும் பூசிக் கம்பியால் கட்டுகிறார். சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடுகிறது. அது விட்டுப்போன வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறின பிறகு மண் அச்சை உடைத்து, உளி கொண்டு நகாசு வேலை செய்ய வேண்டும். கண் திறப்பது கடைசியில்.

"அச்சு ஒரு தடவைக்குத்தான், வாத்தியார் ஐயா. உடைத்தால்தான் சாமி வெளியே வரும்" என்றார் ஸ்தபதி. ஆகையால் ஒன்றைப்போல் இன்னொன்று இராது.

எங்கள் வேலை அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. பளபளக்கும் பிள்ளையாரை மைத்துனன் படம் எடுத்தான். காமிராவின் சிறு திரையில் பார்த்தால், பிள்ளையார் வயிற்றில் விளக்கும் கையுமாக நான் நின்றுகொண்டிருந்தேன்! சுற்றிலும் வெள்ளைத் துணி கட்டி என்னை மறைத்த பிறகுதான் படம் சரியாயிற்று. படம் கேட்ட வெளியூர் ஸ்தாபனத்தாரின் நிபந்தனை அப்படி: பின்புறம் வெள்ளையாக இருக்க வேண்டும், மனிதரோ, கையோ, பட்டறையோ தெரியக் கூடாது.

ஸ்தபதி இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்படியானால் இதை யார் செய்தது என்று வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும், தம்பி?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. மைத்துனன் லென்ஸைத் துடைக்கத் தொடங்கினான்.

மறுநாள் பிற்பகல் வெளிச்சம் சரியில்லையென்று தாராசுரம் போனோம். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜ சோழன் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயில்; 2004-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மண்டபத்தையே தேராக்கிச் சக்கரமும் குதிரையும் பூட்டியிருக்கிறார்கள். நாயன்மார் சரித்திரங்களைச் சாண் அளவுச் சிற்பங்களில் அடக்கியிருக்கிறார்கள். ஒரே தலையில் காளையும் யானையும் இருக்கும் அந்தச் சிற்பத்தின் முன்னால் வெகு நேரம் நின்றோம். இந்தப் பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் யானை. அந்தப் பக்கத்தை மறைத்தால் காளை. கோயில் கட்டிய ராஜா யார் என்று எத்தனையோ பரீட்சைகளில் கேட்டு மார்க்குப் போட்டிருக்கிறேன். இந்த யானையைச் செதுக்கினவன் யார் என்று பையன்கள் என்னைத் திருப்பிக் கேட்டிருந்தால் எனக்குப் பூஜ்யம்தான்.

"நேற்றுப் பெரியவர் கேட்டாரே..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும், அத்தான். ஆனால் கூலி கொடுக்கிறவர்கள் அவர்கள் அல்லவா?" என்றான். அதுவும் நியாயந்தான். இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன் அவன்.

மூன்றாம் நாள் கடைசி விக்கிரகமும் முடிந்தது. வெள்ளைத் துணியை மடிக்கப் போனேன். "இருங்கள்" என்று சொல்லிவிட்டு, மைத்துனன் ஸ்தபதியை வாசல் வெளிச்சத்தில் உட்காரச் சொன்னான். ஓலையை மடிக்கும் கைகள், அவற்றுக்கு மேலே முகம், பின்னால் புகை படிந்த சுவர். ஒரே ஒரு படம். அதை மற்றவற்றோடு சேர்த்து, ஸ்தபதியின் பெயரையும் ஊரையும் எழுதி ஸ்தாபனத்துக்கு அனுப்பினான்.

விலைப் பட்டியல் தை மாதம் அச்சாகி வந்தது. பிள்ளையார் இருந்தார், நடராஜர் இருந்தார். அந்தப் படம் இல்லை. மைத்துனன் அதைப் பெரிதாக அச்சிட்டு ஸ்வாமிமலைக்குத் தபாலில் அனுப்பிவைத்தான். நாலு நாள் கழித்து ஸ்தபதி டெலிபோனில் கூப்பிட்டார்: "படம் நன்றாயிருக்கிறது, தம்பி. இன்னொரு பிரதி கிடைக்குமா? திருச்சியிலே மகள் கேட்கிறாள்."