ஐந்து விழுக்காடு

"ஐந்து விழுக்காடு பிழை வந்தால் பரவாயில்லை" என்பது செய்முறை வகுப்பில் மாணவர்களாகிய நாங்களே கூடி நிறைவேற்றிக்கொண்ட சட்டம். அதற்கு மேல் போனால் எண்ணைத் திருத்திக்கொள்ளலாம் என்பது துணைச் சட்டம். பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும். இந்தச் சட்டத்தை நம்பி நான் சென்னைக்குப் போய் வந்த கதை இது.

என் தந்தை மோட்டார் மெக்கானிக். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். திண்டிவனத்தில் சாலையோரப் புளிய மரத்தடியில் ஒரு தகரக் கொட்டகை, அதுதான் பட்டறை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "அப்பா என்ன செய்கிறார்?" என்று நண்பர்கள் கேட்டால், "மோட்டார் தொழில்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். கேட்டவர் அப்பாவை லாரி முதலாளி என்று நினைத்துக்கொண்டால் நான் திருத்துவதில்லை.

சென்ற ஆண்டு, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தமது ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். 1969-ஆம் ஆண்டு வண்டி, நான்கு கதவுகள். இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு, 1961 முதல் சென்னையில் 'ஸ்டாண்டர்டு' என்ற பெயரில் தயாரானது. நான்கு கதவு வைத்த ஹெரால்டு நம் நாட்டில் மட்டுமே பிறந்தது. என்ஜின் மூடியைத் தூக்கினால் மட்கார்டுகளும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து, சக்கரங்கள் இரண்டும் வெளியே தெரியும். அந்த அழகைப் பார்க்கவே தெருப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள்.

அப்பா சக்கரங்களைக் கழற்றி, டயர் மாட்டும் இரும்புப் பகுதியைத் தனியே எடுத்தார். டிஸ்க் என்போம் அதை. அதில் மண்ணெண்ணெயைப் பூசி, துடைத்து, மேலே சாக்குக்கட்டித் தூளைத் தூவினார். சற்று நேரத்தில் இரண்டு டிஸ்க்குகளில், நட்டுத் துளைகளைச் சுற்றி மயிரிழை போல ஈரக் கோடுகள் எழுந்தன. விரிசல்! "பேத்திக்கு வைகாசியில கல்யாணம், மேஸ்திரி. இந்த வண்டியிலதான் அழைச்சுட்டுப் போகணும்" என்றார் தலைமையாசிரியர்.

வேறு டிஸ்க் தேட என்னை அனுப்பினார் அப்பா. புறப்படும்போது, அட்டைப் பெட்டியின் ஒரு துண்டை வெட்டி, ஹப்பில் நீட்டிக்கொண்டிருந்த நான்கு ஸ்டட்டுகளின் மேல் வைத்து அழுத்தினார். கிரீஸ் படிந்த நான்கு புள்ளிகள் அட்டையில் பதிந்தன. அந்த இடங்களில் துளையிட்டு, "இது எதுக்குப் பொருந்துதோ அதை வாங்கிட்டு வா" என்றார்.

பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன் அழுக்கு அட்டையோடு கடை கடையாகத் திரிவதா? அதைக் கொட்டகையிலேயே மறைத்து வைத்துவிட்டு, இரும்பு ஸ்கேலால் எதிரெதிர் ஸ்டட்டுகளின் மையங்களுக்கு இடையே அளந்து 95 மில்லிமீட்டர் என்று குறித்துக்கொண்டேன். எழும்பூரில் இறங்கிப் புதுப்பேட்டைக்கு நடந்தேன். எத்தனையோ கடைகளில் கைவிரித்தார்கள். கடைசியில் ஒரு கடையில் 13 அங்குலத்தில், நான்கு துளையோடு இரண்டு டிஸ்க்குகள் இருந்தன. அளந்தேன், 100 வந்தது. 95-க்கு 100, ஐந்து விழுக்காடு! ஸ்கேல் கோணியிருக்கும் என்று எனக்கு நானே மதிப்பெண் போட்டுக்கொண்டேன். கடைக்காரரும், "போட்டு முறுக்கு தம்பி, உக்காந்துரும்" என்றார். 1,800 ரூபாய் கொடுத்து, இரண்டையும் தோளில் மாற்றி மாற்றிச் சுமந்து ஊர் வந்தேன்.

வேதனை என்னவென்றால், டிஸ்க் மாட்டிக்கொண்டது! ஹெரால்டின் ஸ்டட் மெலிதானது. 3/8 அங்குலம், அதாவது ஒன்பதரை மில்லிமீட்டர். நான் வாங்கியதோ தடித்த போல்ட்டுக்கான துளைகள். அதனால் ஸ்டட்டுகள் நுழைந்துவிட்டன. அப்பா நட்டுகளைக் கையால் திருகினார். ஒவ்வொரு நட்டும் ஒரு பக்கம் மட்டும் தொட்டுக்கொண்டு, மறுபக்கம் வாயைப் பிளந்து நின்றது.

"ஸ்பேனரைப் போட்டு முறுக்குப்பா, சரியாயிடும்" என்றேன்.

அப்பா முறுக்கவில்லை. "கையால திருகுறப்பவே நாலும் ஒழுங்கா உக்காரணும். இழுத்துப் பிடிச்சு உக்கார வெச்சா, அது என்னிக்காவது எழுந்திரிச்சிடும். இதுல யாரு உக்காந்து போகப் போறாங்க தெரியுமில்ல?" என்று கழற்றி வைத்தார். ஒரு சுடுசொல் இல்லை. ஆனால் நான் ஒளித்து வைத்திருந்த அட்டையை எடுத்துவந்து, தூசி தட்டி, ஆணியில் மாட்டினார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

அன்றிரவு கணக்குப் போட்டேன். ஹெரால்டின் துளை வட்டம் மூன்றே முக்கால் அங்குலம், 95.25 மில்லிமீட்டர். நான் வாங்கியதில் ஒவ்வொரு துளையும் ஏறத்தாழ 2.4 மில்லிமீட்டர் விலகியிருந்தது. ஒரு கிலோமீட்டர் ஓட அந்தச் சக்கரம் சுமார் 550 முறை சுழலும். சரியாக அமராத நட்டு என்றால், ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டட் வளைந்து நிமிரும். கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்பது போலத்தான். மணமகள் இருக்கும் வண்டியில் அது எந்தச் சுற்றில் ஒடியும்?

கடைக்காரர் திரும்ப வாங்க மறுத்தார். 1,800 ரூபாயைத் தலைமையாசிரியர் தலையில் அப்பா கட்டவில்லை. அந்தப் பருவத்துத் தேர்வுக் கட்டணத்தை அம்மா சீட்டுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

பிறகு ஒரு மாதம், விடுமுறை நாளெல்லாம் அட்டையோடு அலைந்தேன். செஞ்சி போகும் வழியில் ஒரு தோப்பில், ஓலைக் குவியலுக்கு அடியில் ஒரு ஹெரால்டு கிடந்தது. உள்ளே கோழிகள் குடித்தனம் நடத்தின. மண்ணில் புதைந்திருந்த சக்கரங்கள் மூன்றும் அரித்துப்போயிருந்தன. கல்லின் மேல் நின்ற ஒன்றும், டிக்கியில் கிடந்த ஸ்டெப்னியும் தப்பியிருந்தன. அட்டையை வைத்தேன். நான்கு துளைகளிலும் வெளிச்சம் நேராக வந்தது. ஊருக்குக் கொண்டுவந்ததும் அப்பா மறுபடி மண்ணெண்ணெய், சாக்குக்கட்டி. மாட்டிச் சுழற்றி, கோட்டம் இல்லை என்று கண்ட பிறகே முகம் மலர்ந்தார். வைகாசியில் மணமகள் அந்த வண்டியில்தான் போனாள்.

இன்னும் ஒரு கணக்குப் பாக்கி இருக்கிறது. முதலாண்டில் தனி ஊசல் சோதனையில், புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வரவேண்டிய இடத்தில் எனக்கு 10.8 வந்தது. துணைச் சட்டப்படி எண்களைத் திருத்தி, கையெழுத்தும் வாங்கிவிட்டேன். ஹெரால்டு போன பிறகு, அனுமதி கேட்டு அந்தச் சோதனையை மீண்டும் செய்தேன். மறுபடியும் 10.8! இம்முறை திருத்தவில்லை, ஏன் என்று தேடினேன். குண்டை விட்டதும் 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கியிருந்தேன். 'இருபது' என்று நிறுத்தியபோது ஊசல் ஆடியிருந்தது பத்தொன்பது முறைதான். இருபதில் ஒன்று, அதே ஐந்து விழுக்காடு!

பிழை வந்து கதவைத் தட்டியிருக்கிறது. யார் என்று கேட்காமல் நான்தான் தாழிட்டிருக்கிறேன். அப்பா கேட்டிருப்பார்.

இப்போது யாராவது "அப்பா என்ன செய்கிறார்?" என்று கேட்டால், "மெக்கானிக். புளிய மரத்தடியில் பட்டறை வைத்திருக்கிறார்" என்று முழுதாகச் சொல்கிறேன்.