மருத்துவச் சான்று

உடல்நலம் குன்றினால் நீங்கள் விடுப்பு விண்ணப்பம் எழுதுகிறீர்கள். உங்கள் பெற்றோர் நோயுற்றால் என்ன செய்வர் என்று எண்ணியதுண்டா?

நான் தென்காசி வட்டாரத்தில் பிறந்தவள். எங்கள் தெருவில் பெண்கள் பலர் பீடி சுற்றினர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதே கூலிக் கணக்கு. படுத்துவிட்டால் அன்றைய கூலி இல்லை. ஆதலால் காய்ச்சலிலும் பீடித்தட்டு அவர்கள் மடியைவிட்டு இறங்காது.

பணியின் பொருட்டுத் தில்லிக்கு வந்த பின்னர், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தந்த விடுப்புக் கடிதம் என் கருத்தைக் கவர்ந்தது. 'அப்பாவுக்கு இந்தி தெரியாது. ஆகவே அவருடன் இ.எஸ்.ஐ. மருந்தகம் சென்றேன்' என்று எழுதியிருந்தாள். அவள் தந்தை தொழிற்சாலைப் பணியாளர். விடுப்பு எடுத்தால் வேலை போய்விடும் என்றஞ்சி, ஐந்து நாள் காய்ச்சலுடன் பணிக்குச் சென்றிருக்கிறார். மருத்துவர் ஓய்வு தேவை என்றதும் அவர் தலைகுனிந்து அமர்ந்திருந்தாராம். அவர் கேட்கத் தயங்கியதை மகளே இந்தியில் கேட்டாள்: "அப்பாவின் வேலை போய்விடுமா?" மருத்துவர், "போகாது அம்மா, சட்டம் இருக்கிறது" என்று கூறிச் சான்று எழுதித் தந்தார்.

அச்சட்டம் 1948ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் முதன்முதலில் தொடங்கப்பெற்றது. ஊதியத்தில் நூறு ரூபாய்க்குத் தொழிலாளி 75 காசும், நிறுவனம் 3 ரூபாய் 25 காசும் செலுத்துகின்றனர். போதிய நாள்கள் இவ்வாறு பணம் செலுத்தியவர் நோயுற்றால், மருத்துவச் சான்றின்பேரில் ஆண்டுக்கு 91 நாள்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு உதவித்தொகை பெறலாம். அத்தொகை பெறும் காலத்தில் அவரைப் பணிநீக்கம் செய்தல் கூடாது என 1948ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. குடும்பத்தினருக்கும் அங்கு மருத்துவம் உண்டு.

எனவே, நோய்க்கால ஓய்வு எவரும் இரங்கி அளிக்கும் சலுகையன்று. உழைப்பவர் தம் ஊதியத்திலிருந்து ஈட்டிய உரிமை. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். நோயை மறைத்து உழைப்பவர் சிலநாள் கூலியைக் காப்பார். பின்னர்ப் பலமாதக் கூலியை இழப்பார்.

மொழி அறியாத ஊரில், உரிமை இருப்பதை அறிவதற்கும் ஒருவர் துணை வேண்டும். இருமொழி கற்கும் நீங்களே உங்கள் இல்லத்திற்கு அத்துணை. பெற்றோரின் காப்பீட்டு எண் எங்கே எழுதி வைக்கப்பட்டுள்ளது என்று இன்று மாலையே கேட்டறியுங்கள்.