ஆட்சி மாறுது, தொடப்பம் மாறல

2022 நவம்பரில், மயிலாப்பூரில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்யும் அக்கா எங்களிடம் கேட்டார்: "அமெரிக்காவுல ஏதோ இடைத்தேர்தலாமே தம்பி. நாலு நாளா மாமி டிவியை விட்டு நகரல. யார் செத்தாங்க அங்க?"

சிரித்துவிட்டோம். நம் ஊரில் எம்.எல்.ஏ. இறந்தால்தானே இடைத்தேர்தல். அது வேறு அக்கா, இடைக்காலத் தேர்தல் என்று விளக்கினோம். அதிபரின் நான்காண்டு பதவிக்காலம் பாதி கழிந்ததும் அங்கே கீழவை முழுவதற்கும், செனட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கும் தேர்தல் நடக்கும். அதிபரைப் பிடிக்காதவர்கள் அப்போது அவர் கட்சிக்குக் கணக்குத் தீர்ப்பார்கள். அந்த வருடம் பைடன் கட்சி செனட்டைக் காப்பாற்றிக்கொண்டது, கீழவையைக் கொஞ்சத்தில் இழந்தது. மாமியின் மகன் அங்கே விசாவில் இருக்கிறார். யார் ஜெயித்தால் விசா என்ன ஆகும் என்பதுதான் மாமியின் கவலை.

அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நம்ம எலக்‌ஷனுக்கு மாமி வரலையே. கவுன்சிலருக்கெல்லாம் யாருடி க்யூவுல நிப்பான்னாங்க."

மாமியைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. மகனின் வாழ்வு வாஷிங்டனில் தீர்மானமாகிறது, அவர் அங்கே பார்க்கிறார். நம் வாழ்வு ரிப்பன் மாளிகையில் தீர்மானமாகிறது. குப்பை, கழிவறை, கால்வாய், கால்வாய் ஓரத்து வீடு எல்லாம் அங்கேதான். நாம் அங்கே பார்க்கிறோமா என்பதுதான் கேள்வி.

2022 பிப்ரவரி 19 அன்று நடந்த மாநகராட்சித் தேர்தலும் ஒருவகையில் நமக்கு இடைக்காலத் தேர்தல்தான். கோட்டையில் ஆட்சி மாறி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அதைவிட முக்கியம், சென்னை மாநகராட்சிக்கு அதற்கு முன் தேர்தல் நடந்தது 2011-ல். அந்த மாமன்றத்தின் காலம் 2016-ல் முடிந்தது. அதன் பிறகு ஐந்து வருடத்துக்கும் மேலாக இந்த நகரத்தில் ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது, அதிகாரிகள் ஆட்சிதான்.

வாக்குப்பதிவு நாளில் மந்தைவெளிப் பக்கம் நின்றிருந்தோம். குடிசைப்பகுதிப் பெண்கள் வீட்டுவேலைக்குப் போகும் முன்பே வந்து வரிசையில் நின்றார்கள். அடுக்குமாடித் தெருக்களின் வாக்குச்சாவடிகளில் ஏஜெண்டுகள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். மாநிலம் முழுக்க நகர்ப்புறத்தில் சுமார் 60 சதவீதம் வாக்கு பதிவானது. சென்னையில் 43 சதவீதத்தைச் சற்றே தாண்டியது.

200 வார்டுகளில் தி.மு.க. மட்டும் 153, கூட்டணியோடு 178. மேற்கு மாம்பலத்தில் 134-வது வார்டை பா.ஜ.க. பிடித்தது, நகரத்தில் அந்தக் கட்சிக்குக் கிடைத்த ஒரே வார்டு. தொலைக்காட்சிகள் அந்த ஒன்றைப் பற்றித்தான் அதிகம் பேசின. எங்களுக்கு வேறொரு செய்தி பெரிதாக இருந்தது. மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. மார்ச் 4-ம் தேதி, 74-வது வார்டிலிருந்து வந்த ஆர். பிரியா, 28 வயதில், சென்னையின் முதல் தலித் பெண் மேயராகப் பதவியேற்றார். சிவசண்முகம் பிள்ளை, என். சிவராஜ் என்று நம் ஆண்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். 1688-ல் தொடங்கிய மாநகராட்சியில் நம் பெண் ஒருவர் உட்கார 334 ஆண்டுகள் ஆயின.

அன்று நாங்கள் சாக்லேட் வாங்கிக் கொடுத்தோம். வெட்கமில்லாமல் அழுதோம். மெரினா பக்கம் தெருக்கூட்டும் ஒரு பெரியம்மா போனில் அந்த அங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "நம்ம பொண்ணு மாதிரியே கீது" என்றார். அந்த மகிழ்ச்சியை இன்றும் நாங்கள் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. அது உண்மையான மகிழ்ச்சி.

ஆனால் இரண்டே மாதம். ஏப்ரல் கடைசியில் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகருக்கு ஜேசிபி வந்தது. பக்கிங்காம் கால்வாய் ஓர ஆக்கிரமிப்பு, உச்ச நீதிமன்ற ஆணை என்றார்கள். தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தவர்கள், பக்கத்துத் தெருக்களிலேயே வீட்டுவேலை செய்பவர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள். அவர்களைப் பெரும்பாக்கத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கிருந்து காலை ஆறு மணி வேலைக்கு மயிலாப்பூர் வர எத்தனை மணிக்கு எழ வேண்டும்? மே 8 அன்று 60 வயது முதியவர் ஒருவர் தன் மேல் தீ வைத்துக்கொண்டார், மறுநாள் இறந்தார். அதன் பிறகுதான் அருகிலேயே வீடு தருவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓர் உயிர் போன பிறகு கிடைத்த அறிவிப்பு அது.

அங்கே ஒரு பெண் எங்களைப் பார்த்துக் கேட்டார்: "ஓட்டு போட்டோம், நம்ம ஆளு வந்துச்சுன்னீங்க. வந்து என்னாத்துக்கு?"

எங்களிடம் ஒரு பதில் இருந்தது. மேயருக்கு அங்கியும் செங்கோலும் உண்டு, நிர்வாக அதிகாரம் ஆணையரிடம், பணமும் கொள்கையும் கோட்டையில் என்று. சட்டப்படி சரியான பதில்தான். ஆனால் இடிந்த சுவருக்குப் பக்கத்தில் நின்று அதைச் சொல்ல வாய் வரவில்லை.

குப்பைக் கதையைப் பாருங்கள். தென்சென்னையில் வயதானவர்கள் குப்பை லாரியை இன்னும் "ஓனிக்ஸ் வண்டி" என்பார்கள். 2000-ல், தி.மு.க. ஆட்சியில், சில மண்டலங்களின் துப்புரவுப் பணி அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போனதால் வந்த பெயர். 2020 அக்டோபரில், அ.தி.மு.க. ஆட்சியில், தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு உட்பட ஏழு மண்டலங்கள் மறுபடி தனியாருக்குப் போயின. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு மூன்றும் அதில் வந்துவிட்டன. அப்போது மாமன்றமே இல்லை, எழுந்து கேட்க ஒரு கவுன்சிலர் இல்லை. நாங்களும் சொன்னோம்: தேர்தல் வரட்டும், நம் ஆட்கள் உள்ளே போகட்டும், பிறகு இப்படி நடக்காது.

தேர்தல் வந்தது, நம் ஆட்கள் உள்ளே போனார்கள். 2025-ல் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுக்க மாமன்றமே தீர்மானம் போட்டது. திரு.வி.க. நகர் மேயரின் சொந்த மண்டலம். 23 ஆயிரம் அளவில் வாங்கிய சம்பளம் 16 ஆயிரமாகிவிடும் என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் நம் பெண்கள். ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை வாசலில் மழையிலும் வெயிலிலும் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டி 13-ம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை வண்டியில் ஏற்றியது. மறுநாள் காலை உணவுத் திட்டம் அறிவித்தார்கள். அவர்கள் கேட்டது இட்லியா, வேலையா?

மாளிகைக்கு உள்ளே நம் பெண், வாசலில் நம் பெண்கள். நடுவே போலீஸ் தடுப்பு. இந்தப் படத்தை எப்படிப் பார்ப்பது என்று எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. "நாற்காலியால் பயனில்லை" என்றார்கள் சில தோழர்கள். அதை ஏற்க முடியாது. நாற்காலி பிச்சையாக வந்ததல்ல, இடஒதுக்கீட்டுக்காகப் போராடி வாங்கியது. "அவரை எதுவும் சொல்லக் கூடாது, நம்மவர்" என்றார்கள் சிலர். அதையும் ஏற்க முடியாது. நம்மவர் என்பதால்தான் கேட்கிறோம். ஒரு தலித் பெண்ணின் கையெழுத்தைக் காட்டித் தலித் பெண்களின் வேலையைப் பறிப்பது கட்சிகளுக்கு வசதி. அந்த வசதியை நம் மௌனத்தால் நாம் கொடுக்கக் கூடாது.

மாமி பார்த்த அமெரிக்காவிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. உள்நாட்டுப் போர் முடிந்த மறு வருடம், 1866-ல் நடந்த இடைக்காலத் தேர்தலில் கறுப்பின மக்களின் உரிமைக்கு நின்றவர்கள் வலுவாக ஜெயித்தார்கள். அடுத்த வருடமே தெற்கில் கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை வந்தது. 1874 இடைக்காலத் தேர்தலில் கீழவை எதிர்த்தரப்புக்குக் கைமாறியது. 1877-ல் தெற்கிலிருந்து காவல் படைகள் விலகின, கொஞ்சம் கொஞ்சமாக வாக்குரிமை பறிபோனது. திரும்ப வாங்க 1965 வரை ஆனது. நம் காலத்திலும் 2008-ல் ஒபாமா ஜெயித்தார், இரண்டே வருடத்தில் அவர் கட்சி கீழவையில் 63 இடங்களை இழந்தது. பெரிய நாற்காலியைப் பிடித்த களிப்பில் தூங்கினால், இடையில் வரும் சின்னத் தேர்தல் கணக்கை மாற்றிவிடும்.

இந்த மாமன்றத்தின் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. ஓட்டு கேட்டு வருபவர் யாராக இருந்தாலும், நம் சாதியாகவே இருந்தாலும், இரண்டு கேள்வி கேட்போம். துப்புரவுப் பணியைத் தனியாருக்குக் கொடுக்கும் தீர்மானத்துக்கு எதிராகக் கை தூக்குவாயா? வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே வீடு கொடுக்காமல் எங்கள் வீட்டை இடிக்க வந்தால் ஜேசிபி முன்னால் வந்து நிற்பாயா? பதிலை எழுதி வாங்குவோம். பிறகு ஏரியா சபையில் அந்தத் தாளை எடுத்து வைப்போம்.

போன வாரம் அந்தப் பெரியம்மாவைப் பார்த்தோம். மேயர் படம் இன்னும் போனில் இருக்கிறதா என்று கேட்டோம். "கீது, அழிக்கல" என்றார். "எம்மேல கோவமான்னு கேட்டா, ஆமான்னு சொல்லணும்ல. அதுக்குத்தான் வெச்சிக்கிறேன்."