விக்கி டோனரும் எங்க வீட்டு சென்சார் போர்டும்

அரசாங்கத்தோட சென்சார் போர்டு மும்பையில இருக்கு. ரிமோட்டைக் கையில வச்சுக்கிட்டு இன்னொரு போர்டு ஒவ்வொரு வீட்டு ஹால்லயும் உட்கார்ந்திருக்கு. எங்க போர்டுல ரெண்டே உறுப்பினர்கள், தங்கமணியும் நானும். தலைவர் யாருன்னு கேட்கப்படாது :-)

போன மாசம் போர்டு முன்னாடி வந்த வழக்கு, 'விக்கி டோனர்'. 2012-ல வந்த ஹிந்திப் படம். ஷூஜித் சர்க்கார் இயக்கம், ஆயுஷ்மான் குரானாவுக்கு முதல் படம். பொண்ணுக்கு 15 வயசு, பையனுக்கு 13. ரெண்டு பேரும் ஆயுஷ்மான் படமா வரிசையா பார்த்துக்கிட்டு வராங்க. இதை மட்டும் நாங்க ஏதேதோ சாக்கு சொல்லித் தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தோம்.

தெரியாதவங்களுக்குக் கதை: தில்லி லாஜ்பத் நகர்ல வேலைவெட்டி இல்லாத ஒரு பஞ்சாபிப் பையன். வீட்டுலயே பியூட்டி பார்லர் நடத்துற அம்மா, அவங்க மாமியார், இவன். குழந்தைப்பேறு மருத்துவம் பண்ற டாக்டர் சட்டா இவனைத் துரத்தித் துரத்தி விந்தணு தானம் பண்ண வைக்கிறார். டாக்டர் வாயைத் திறந்தா விந்தணுதான். எதிர்ல வர்ற ஆளையெல்லாம் இன்ன ரக விந்தணுன்னு தரம் பிரிப்பார். கையில டப்பாவைக் கொடுத்து ரூமுக்குள்ள அனுப்புறதும் காமெடி. வயசுக்கு வந்த பசங்க பக்கத்துல உட்கார்ந்து பார்க்கிறப்போ தண்ணி குடிக்க எழுந்து போகணும்னு தோணும்.

படத்துக்கு யு/ஏ. அப்போ அதுக்கு அர்த்தம், 12 வயசுக்குக் கீழே இருந்தா பெத்தவங்க பார்த்து முடிவு பண்ணணும். 2024-ல வந்த புது விதிகள்ல யு/ஏ-வை 7+, 13+, 16+னு மூணாப் பிரிச்சிருக்காங்க. நல்ல காரியம்தான். ஆனா நம்ம வீட்டுல என்ன பேச்சு ஓடுதுன்னு அந்த நம்பருக்குத் தெரியாதே.

நம்மள மாதிரி வெளியூர்வாசிகளுக்கு இதுல ஒரு கூடுதல் சிக்கல். நொய்டாவுக்கு வந்து பதினாறு வருஷமாச்சு, இன்னமும் பஞ்சாபி கலந்த ஹிந்தி ஜோக் எனக்குப் பாதிதான் புரியும். பசங்களுக்கு முழுசாப் புரியும், ஸ்கூல் பஸ்ஸிலயே பாடம் முடிஞ்சிடுது. வசவு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டா "அது வேணாம்பா"ன்னு பையன் என்னை சென்சார் பண்றான்! இதே கதை தமிழ்ல 2020-ல 'தாராள பிரபு'வா வந்துச்சு. ஹரீஷ் கல்யாண் ஹீரோ, டாக்டரா நம்ம விவேக். அதைப் பார்க்கிறப்போதான் எனக்குக் கூச்சமே வந்துச்சு. தாய்மொழியில கேட்டா அதே வார்த்தை கிட்ட வந்து உட்கார்ந்துக்குது.

ரெண்டு பேரும் முதல்ல தனியா உட்கார்ந்து பார்த்தோம். தங்கமணியோட ஆட்சேபம் குடியைப் பத்தி. மாமியாரும் மருமகளும் ராத்திரி உட்கார்ந்து விஸ்கி ஊத்திக்கிட்டுப் பேசுற காட்சிகள். ஆனா படத்துலயே அவளுக்கு ரொம்பப் பிடிச்சதும் அதுதான். (நான் ஏன்னு கேக்கல.) பஞ்சாபியும் வங்காளியும் மாறி மாறி அடுத்தவன் ஊரைக் கிண்டல் பண்றது எனக்குக் கொஞ்சம் நெருடல். 'மதராஸி' கிண்டல் கேட்டு வளர்ற பசங்க, அதுவும் சகஜம்னு எடுத்துக்கக் கூடாதேன்னு.

விந்தணுங்கிற வார்த்தை பிரச்சினையே இல்லை. பத்தாம் வகுப்பு என்சிஇஆர்டி அறிவியல் புத்தகத்துலயே இருக்கு, பொண்ணு பரீட்சையே எழுதப் போறா. எங்களைத் தயங்க வச்சது என் மச்சினி. கல்யாணமாகி ஒன்பது வருஷம், மதுரையில வைத்தியம் ஓடிக்கிட்டிருக்கு. (அவகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன்.) ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு வளைகாப்புல, வரிசையா எல்லாரும் வளையல் போட, இவ முறை வந்தப்போ ஒரு பெரியம்மா "நீ போய் இலை போடறதைப் பாரும்மா"ன்னு நைசா அனுப்பிட்டாங்க. எங்க பொண்ணு பக்கத்துலயே நின்னா. "சித்தியை ஏன் போடவிடலை?"ன்னு ரயில்ல வர்றப்போ கேட்டா. தங்கமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.

அந்தச் சித்தியோட கஷ்டத்தை வச்சு இந்தப் படம் சிரிக்குதான்னுதான் பார்த்தோம். சிரிக்கலை. குழந்தை இல்லாத தம்பதி வர்ற இடத்துல எல்லாம் அந்த வாயாடி டாக்டர் குரலே மாறிடும். பின்பாதியில ஹீரோ மனைவிக்கே குழந்தை பிறக்காதுன்னு தெரியவரும், படம் அவளை ஒரு இடத்துலயும் மட்டம் தட்டலை. அவ கோவிச்சுக்கிட்டு கல்கத்தா போறதும், தானம் பண்ணினதை அவன் மறைச்சுட்டான்னுதான். கிண்டல் எல்லாம் டாக்டர் மேலயும் ஹீரோ மேலயும்தான் விழுது. தேசிய விருதுல ஆரோக்கியமான பொழுதுபோக்குப் படம்னு இதைத் தேர்ந்தெடுத்தாங்க, டாக்டரா நடிச்ச அன்னு கபூருக்கும் அம்மாவா வந்த டாலி அலுவாலியாவுக்கும் விருது கிடைச்சுது. நியாயமான விருதுகள். அப்புறம் இவ்வளவு கேவலமான 'குடும்பப் பாட்டு'களை நடு ஹால்ல ஓடவிட்டு சாப்பிடுறோம், அதுக்கு எந்த போர்டும் கூடுறதில்லை.

தீர்ப்பு: நாலு பேரும் சேர்ந்து பார்க்கலாம், யாரும் தண்ணி குடிக்க எழுந்து போகக் கூடாது.

பையன் டாக்டரைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிச்சான். இவனால பிறந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் கடைசியில ஒண்ணா வர்ற காட்சியில, "இது சட்டப்படி சரியா?"ன்னு ஒரு கேள்வி. தேடிப் பார்த்தேன். 2021 சட்டப்படி ஒரு கொடையாளரோட விந்தணுவை ஒரு தம்பதிக்கு மேல கொடுக்கக் கூடாது. டாக்டர் சட்டா இன்னைக்கு உள்ளே இருப்பார்.

பொண்ணு படம் முடியற வரைக்கும் ஒண்ணும் பேசலை. அப்புறம் அம்மாகிட்ட, "சித்தி போறதும் இந்த மாதிரி டாக்டர்கிட்டயா?"ன்னா. இந்த முறை தங்கமணி திரும்பிக்கலை. ஊசி, ஸ்கேன், செலவு, ஒவ்வொரு மாசமும் காத்திருக்கிறது, எல்லாத்தையும் சமையலறையில அரை மணி நேரம் சொன்னா. நான் பாத்திரம் கழுவிக்கிட்டே கேட்டேன்.

இதை எழுதலாமான்னு கேட்க மச்சினிக்கு போன் போட்டப்போ, "தாராளமா எழுதுங்க அத்தான். நாங்க விவேக் படத்தை ரெண்டு தடவை பார்த்தாச்சு. எங்க டாக்டரும் அப்படிப் பேசினா எவ்ளோ நல்லா இருக்கும், இவர் சிரிச்சே நான் பார்த்ததில்லை"ன்னா.