மாட்டுக்கும் ஒரு கட்-ஆஃப்

ஊத்தங்கரைன்னு சொன்னதும் வெளியூர்க்காரங்களுக்கு ஞாபகம் வர்றது பள்ளிக்கூடம்தான். பிளஸ் டூ ரிசல்ட் வர்ற அன்னைக்கு மாநில ரேங்க் பட்டியலில் எங்க ஊர் பேர் அடிபட்ட காலம் ஒண்ணு இருந்தது. 2017-இல் ரேங்க் அறிவிப்பையே அரசாங்கம் நிறுத்திவிட்டது. ஆனா கட்-ஆஃப் என்ற வார்த்தை மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பெரியவருக்குக்கூட கணக்கு தெரியும்: இன்ஜினியரிங்குக்கு கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக மொத்தம் 200.

பள்ளிக்கூடத்துக்கு அடுத்து இங்கே அதிகம் பேசப்படுவது மாடு. (மாங்காய் சீசனில் மட்டும் மாடு மூணாவது இடத்துக்குப் போயிடும் :-)) இந்தப் பதிவு இரண்டையும் சேர்த்துத்தான். மாட்டுக்கும் ஒரு கட்-ஆஃப் உண்டு. தேர்வுக் குறியீடு என்று பேர். 1936-இல் ஃபேர்ஃபீல்டு ஸ்மித் என்பவர் கோதுமைப் பயிருக்காக இந்த யோசனையை எழுதினார். 1943-இல் அமெரிக்காவில் எல்.என். ஹேசல் அதைக் கால்நடைக்குக் கொண்டுவந்தார்.

விஷயம் ரொம்ப எளிமை. ஒரு காளையின் வாரிசுகளிடம் நாம எதிர்பார்க்கிற குணங்களை முதலில் வரிசையா எழுதணும். பால், கொழுப்பு, சீக்கிரம் சினை பிடிப்பது, சுலபமா கன்று போடுவது, உடல் எடை, இப்படி. ஒவ்வொரு குணத்திலும் அந்தக் காளை தன் வாரிசுக்கு எவ்வளவு கடத்தும் என்று பதிவேடுகளை வைத்து ஒரு மதிப்பு போடுவாங்க. அடுத்து, அந்தக் குணம் ஒரு படி கூடினால் விவசாயிக்கு எத்தனை ரூபாய் லாபம் என்று இன்னொரு எண். இரண்டையும் பெருக்கி, எல்லாத்தையும் கூட்டினால் ஒரே எண். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50 என்று எடை போட்ட மாதிரிதான்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கு. நீட் வருவதற்கு முன்னாடி மருத்துவத்துக்கான கட்-ஆஃபில் உயிரியலுக்கு 100. அதே பையன், அதே மார்க், ஆனா எங்கே போகணும் என்பதைப் பொறுத்து அவன் ரேங்க் மாறும். மாட்டிலும் அப்படியே. 'நல்ல காளை' என்று பொதுவா ஒண்ணு கிடையாது. யாருக்கு, எதுக்கு என்று கேட்ட பிறகுதான் நல்லது கெட்டது.

இதை முழுசா பயன்படுத்திக்கிட்டவங்க இறைச்சிக்கு மாடு வளர்க்கிற நாட்டுக்காரங்க. அமெரிக்காவில் ஆங்கஸ் இனக் காளைகளின் பட்டியலில் ஒவ்வொரு காளைக்கு நேராகவும் டாலரில் ஒரு எண் இருக்கும். இந்தக் காளையின் கன்று மத்த காளையின் கன்றைவிட சராசரியா எத்தனை டாலர் கூடுதலா சம்பாதித்துக் கொடுக்கும் என்பதுதான் அந்த எண்ணோட அர்த்தம். ஆஸ்திரேலியாவில் பிரீட்பிளான் என்ற மதிப்பீட்டு முறை 1985 முதல் நடக்குது. அங்கே ஒரே இனத்துக்குள்ளேயே சந்தைக்கு ஒரு குறியீடு. மாசக்கணக்கில் தானியம் போட்டு வளர்க்கிறவருக்கு ஒண்ணு, புல்லில் மேய்த்து விற்கிறவருக்கு வேற ஒண்ணு.

எடை மட்டும் பார்த்தா என்ன ஆகும் என்பதும் அவங்களுக்கு அனுபவம்தான். கன்றோட எடை கூடணும் என்று தேர்ந்தெடுத்துக்கிட்டே போனால் தாய்ப்பசுவும் பெருசாகிக்கிட்டே போகும். பெரிய பசு வருஷம் முழுக்கப் பெரிய வாயால் தின்னும். கன்றில் வந்த காசு தீவனத்தில் போயிடும். அதனாலதான் தாயோட தீவனச் செலவைக் கழித்துப் பார்க்கிற குறியீடுகள் வந்தன. பால் மாட்டிலும் இதே கதை. பாலை மட்டும் துரத்தினதில் எச்.எஃப். மாடுகளின் சினைபிடிக்கும் தன்மை உலகம் முழுக்கக் குறைந்தது. நார்வேக்காரங்க 1970-களிலேயே சினைபிடிப்பையும் மடிநோயையும் கணக்கில் சேர்த்துட்டாங்க. அமெரிக்கா தன் பால் மாட்டுக் குறியீட்டில் சினைபிடிப்பைச் சேர்த்தது 2003-இல்தான்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இறைச்சிக்கென்றே மாடு வளர்ப்பது இங்கே இல்லை. ஆனா 'இந்த மாடு எனக்கு என்ன சம்பாதித்துக் கொடுக்கும்' என்ற கேள்வி போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையில் நிற்கிற எல்லார் மனசிலும் இருக்கு. அதுக்கு நம்மாளுங்க ஒரு கண்ணளவு கட்-ஆஃப் வெச்சிருக்காங்க. பல்லைப் பார்க்கணும் (ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்ததா). சுழி பார்க்கணும். நடை, மடி, காம்பு பார்க்கணும். அப்புறம் துண்டுக்குள்ளே கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசணும். பல்லும் நடையும் அர்த்தமுள்ளவை. சுழிக்கும் பாலுக்கும் சம்பந்தம் இருப்பதா எந்தப் பதிவேடும் சொல்லலை. ஆனா சுழி சரியில்லைன்னா விலை இறங்கும் என்பது மட்டும் நிஜம்.

இந்தப் பக்கத்து மாடான ஆலம்பாடி, கவலை இறைக்கவும் வண்டி இழுக்கவும் தேர்ந்தெடுக்கப்பட்ட இனம். உழைப்பும் தாக்குப்பிடிக்கிற சக்தியும்தான் அதோட கட்-ஆஃப். மோட்டாரும் டிராக்டரும் வந்ததும் அந்தப் பாடங்களுக்கு மார்க்கே இல்லைன்னு ஆயிடுச்சு. இன்னைக்கு எருது விடும் விழாவில் ஓடுகிற காளைக்கு நொடிக்கணக்கு ஒண்ணுதான் கட்-ஆஃப். பசுவுக்கு லிட்டர் ஒண்ணுதான். 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க உள்நாட்டு மாடுகள் முந்தைய கணக்கெடுப்பைவிட 6 சதவீதம் குறைந்து, கலப்பினமும் வெளிநாட்டினமும் கிட்டத்தட்ட 27 சதவீதம் கூடினதுக்குப் பின்னாடி இருப்பது இந்த லிட்டர்தான்.

இந்தக் கணக்கை நான் உட்கார்ந்து போட்டதுக்கு ஒரு காரணம் இருக்கு. போன வருஷம் சித்தப்பாவுக்குப் பணம் வேண்டியிருந்தது. தங்கச்சிக்கு காலேஜ் ஃபீஸ். இருப்பது ரெண்டு பசு. ஒண்ணு கருப்பி, எச்.எஃப். கலப்பு. இன்னொண்ணு செவலை, ஜெர்சிக் கலப்பு. ஒண்ணை வித்தாகணும். ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "பால் கம்மியா இருக்கறத தள்ளிவுட்ருப்பா."

நான் வேலை பார்ப்பது ஓசூரில், ஒரு கம்பெனியில். சனிக்கிழமை ராத்திரி பஸ் பிடித்து ஊருக்கு வந்து, ஞாயிறு காலையில் சித்தப்பாவோட டைரியையும் சித்தியோட ஞாபகத்தையும் வெச்சு எழுதினேன். கருப்பி ஒரு ஈத்துக்கு 3300 லிட்டர். செவலை 2400 லிட்டர். இதோட நிறுத்தினா கருப்பிதான் ராணி. ஆனா கருப்பிக்கு ஒவ்வொரு தடவையும் மூணு, நாலு சினை ஊசி போட்டாத்தான் நிற்கும். ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் 18 மாசம். செவலைக்கு 13 மாசம்.

இப்போ வகுத்துப் பாருங்க. 3300-ஐ 18-ஆல் வகுத்தால் மாசம் 183 லிட்டர். 2400-ஐ 13-ஆல் வகுத்தால் 185. ரெண்டும் ஒண்ணுதான்! இதுக்கு மேல செவலைப் பாலில் கொழுப்பு அதிகம், சொசைட்டியில் கொழுப்பும் இதர சத்தும் பார்த்துத்தான் காசு. செவலைக்குப் புண்ணாக்கும் தவிடும் குறைச்சல். சித்திரை வெயிலில் கருப்பி வாயைத் திறந்து மூச்சு வாங்கும், செவலை அசை போட்டுக்கிட்டு நிற்கும்.

சித்தப்பா நோட்டையே பார்த்துக்கிட்டு இருந்தார். "அப்ப இத்தன நாளு கருப்பியத்தான் பெரிய மாடுன்னு நெனச்சிட்டு இருந்தமா?" என்றார். சித்தி உள்ளே இருந்தே சொன்னாங்க: "இன்னொண்ணும் எழுதிக்க கண்ணு. கருப்பி உதைக்கும். கறக்கறது நானு, உங்க சித்தப்பா இல்ல."

ஆங்கஸ்காரங்க காளைப் பட்டியலில் சாதுவான குணத்துக்குத் தனியா ஒரு மதிப்பே போடறாங்க என்று சித்திக்குத் தெரியாது. ஆனா அந்த வரி இல்லாத எந்தக் கட்-ஆஃபும் எங்க வீட்டுக்குப் பொருந்தாது என்பது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

கருப்பியை வித்தாங்க. பெரிய தீவனத் தோட்டமும் ஆள்பலமும் இருக்கிற ஒருத்தர், உதைக்கும், ஊசி நிறைய ஆகும் என்பதைச் சொன்ன பிறகும், லிட்டர் கணக்கைப் பார்த்து வாங்கிக்கிட்டார். செவலைக்குக் கிடைத்திருக்கக்கூடிய விலையைவிட நல்லாவே கூடுதல். ஃபீஸ் கட்டியாச்சு.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாகணும். நான் போட்டது எந்த மாட்டை வெச்சுக்கலாம் என்ற கணக்கு மட்டுமே. செவலையோட கிடாரிக் கன்றும் 13 மாசத்துக்கு ஒருதடவை கன்று போடும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. சினைபிடிக்கும் தன்மை பரம்பரையா கடத்தப்படுவது ரொம்பக் குறைவு. தீவனம், பராமரிப்பு, சரியான நேரத்தில் ஊசி இவைதான் பெரும்பங்கு. பால் அளவு அதைவிட நல்லாவே கடத்தப்படும். அதனாலதான் ஒரு மாட்டை வைத்து முடிவு பண்ணாமல், ஒரு காளையின் மகள்கள் பல பேரை, பல ஊரில், பார்த்துக் கணக்குப் போடறாங்க. கேரளத்தில் 1977-லிருந்தே மகள்களின் பாலை அளந்து காளையைத் தேர்ந்தெடுக்கிறாங்க. 2001-க்குப் பிறகு வந்த மரபணு முறையில் ரத்தம் அல்லது ரோமத்தை வைத்தே கன்றுப் பருவத்தில் மதிப்பிடலாம். நம்ம நாட்டு மாடுகளுக்கும் கலப்பினத்துக்கும் என்றே தயாரித்த கௌ சிப் 2024 அக்டோபரில் வெளியிடப்பட்டது.

சிப் வந்துடுச்சு, சரி. அதுக்குத் தீனி போடறது யார்? மகளோட பாலை யாராவது அளந்து எழுதினால்தான் சிப்புக்கு அர்த்தம். சொசைட்டி அட்டையில் இருப்பது ஆளோட பால், மாட்டோட பால் இல்லை. ரெண்டு மாட்டுப் பாலும் ஒரே கேனில்தான் போகுது. காதில் 12 இலக்க மஞ்சள் தோடு மாட்டியாச்சு. உறைவிந்துக் குச்சியில் காளையின் எண் அச்சடிச்சே வருது. ஆனா ஊசி போட்டதும் குச்சி குப்பைக்குப் போகுது. மாடு கத்தினா போன் போடறோம், கேனில் இருக்கிறதைப் போடறாங்க, நன்றி சொல்லிட்டு வர்றோம். ஓசூர் பக்கத்தில் மத்திகிரியில் 1924-லிருந்து 1600 ஏக்கருக்கு மேல் அரசுக் கால்நடைப் பண்ணை இருக்கு. அங்கே இருந்த சிவப்பு சிந்தி மந்தையின் பதிவுகளை வைத்து ஆராய்ச்சிக் கட்டுரைகளே வந்திருக்கு. பண்ணையில் நடக்கும் பதிவு நம்ம கொட்டகை வரைக்கும் வரணும், அவ்வளவுதான்.

இன்னும் ஒரு பாடம் இருக்கு, யாரும் மார்க் போடாதது: காளைக்கன்று. கலப்பினக் காளைக்கு ஏரில் வேலையில்லை, விழாவில் இடமில்லை. ஆங்கஸ் நாட்டில் லாபத்தின் மொத்தமே அந்தக் கன்றுதான். இங்கே அது தரகர் கண்ணளவில் சொல்கிற விலை. கறவை நின்ற பசுவின் கடைசி விலையும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 1958-இல் ஒரு சட்டம், 1976-இல் பசுவையும் கிடாரியையும் வெட்டத் தடை விதித்து ஒரு அரசாணை. எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில் 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் இன்னும் கடுமை. சட்டம் சரியா தப்பா என்பது வேற பதிவு. என் கணக்கில், வித்துத் தள்ள முடியாத மாடு நிற்கிற ஒவ்வொரு மாசமும் தீவனச் செலவு. அப்படின்னா அடிக்கடி மாட்டை மாத்த வேண்டிய இனத்தைவிட, பத்து வருஷம் நின்னு கறக்கிற இனத்துக்குத்தான் இங்கே கூடுதல் மார்க் போடணும். பாலினம் பிரித்த விந்துக்கு ஏன் இவ்வளவு கேள்வி இருக்கு என்பதும் இதில் புரியும்.

எங்க பக்கத்துக் கட்-ஆஃபை நானே ஒரு குத்துமதிப்பா எழுதி வெச்சிருக்கேன். 200-க்கு: சீக்கிரம் சினை பிடிக்கிறது 50, கொழுப்போட சேர்ந்த பால் 50, வெயில் தாங்குவது 40, நீண்ட நாள் நிற்பது 40, உதைக்காமல் இருப்பது 20. கடைசி 20 சித்தி கேட்டு வாங்கினது. விஞ்ஞானி பார்த்தால் சிரிப்பார், எடையை இப்படி மனசில் இருந்து போடக்கூடாது, ரூபாய் கணக்கில் இருந்து போடணும். தெரியும். ஆனா எதுக்கு மார்க் போடணும் என்று அவர் எங்க கொட்டகைக்கு வந்து கேட்டால், சொல்றதுக்கு எங்ககிட்ட ஒரு பட்டியல் இருக்கணும் இல்லையா?

செவலைக்கு இந்த மாசம் ஊசி போட்டாச்சு. குச்சியைத் தூக்கிப் போடாமல் வாங்கி, காளை எண்ணை டைரியில் சித்தியே எழுதிட்டாங்க. உங்க ஊரில் 200-ஐ எப்படிப் பிரிப்பாங்க? மாடு வெச்சிருக்கிறவங்க, வெச்சிருந்தவங்க, பால் மட்டும் குடிக்கிறவங்க, எல்லாரும் சொல்லுங்க.