மகளின் கட்டைவிரல்

என் இரண்டரை வயது மகளுக்கு விரல் சூப்பாமல் உறக்கம் வராது. எச்சிலில் ஊறி ஊறிக் கட்டைவிரலின் தோல் வெளுத்து வெடித்துவிட்டது. பழக்கத்தை மறக்கடிக்க எண்ணி, ஓரிரவு வேப்பிலையை அரைத்துப் பூசினேன். புண்ணில் பட்டதும் அவள் அலறிய அலறல் பஜ்ரு வரை என் காதில் ஒலித்தது. அன்று மத்ரஸாவில் நடத்த வேண்டிய பாடமோ, பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் ஒருமுறைகூடக் கடிந்துகொள்ளாத செய்தி. பிள்ளைகளின் முகம் பார்த்துச் சொல்ல நாவெழவில்லை.

பெரும்பாலான குழந்தைகள் நான்கு வயதுக்குள் தாமே விட்டுவிடும் என்றார் மருத்துவர். விரலைக் கழுவி, ஈரம் ஒற்றி, உறங்கிய பின் வாஸலின் மெல்லியதாகத் தடவச் சொன்னார். அல்ஹம்துலில்லாஹ், புண் ஆறி வருகிறது. சூப்புவது நிற்கவில்லை. என் கையில் கிண்ணத்தைக் கண்டால் மட்டும் இன்றும் விரலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறாள்.