ஆடியில் தண்ணீர், வைகாசியில் முகூர்த்தம்

கடையை அக்கா மகனிடம் ஒப்படைத்துவிட்டேன் என்று தெரிந்ததும், ஏரியூரில் எல்லோரும் பேசிவைத்துக்கொண்ட மாதிரி ஒன்றையே சொன்னார்கள். "இனிமே சும்மாதான இருக்கப்போறீங்க, ஆசைக்குப் போட்டோ எடுங்க." இத்தனை வருஷம் ஆசையே இல்லாமல் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தேன் என்று அர்த்தம். இன்னொருவர், படித்தவர், "ஆர்வம் இருந்தா நேரம் தானா வரும்ங்க" என்றார். ஒரு வைகாசி முகூர்த்தத்துக்கு என்னோடு வந்து ஃப்ளாஷ் பையைத் தூக்கியிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

நேரம் கிடைத்தால் படம் கிடைத்துவிடும் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஸ்டுடியோக்காரனுக்கு நேரம் கிடைக்கிற மாதமும், அவன் ஆசைப்பட்ட படம் கிடைக்கிற மாதமும் வேறு வேறு. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

தை பிறந்தால் தொடங்கும். பெங்களூர் கட்டட வேலைக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் போனவர்கள் பொங்கலுக்கு ஊர் திரும்புவார்கள். நிச்சயம், காதுகுத்து எல்லாம் அவர்கள் பஸ் ஏறுவதற்குள் முடிய வேண்டும். மாசி, பங்குனியில் கல்யாணத்தோடு பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாஸ்போர்ட் படமும் சேர்ந்துகொள்ளும். சித்திரையிலிருந்து ஆனி முடிய மூச்சுவிட முடியாது: கல்யாணம், மஞ்சள் நீர், புதுமனை, மாரியம்மன் பண்டிகை. ஆடியில் நிற்கும். ஆவணியில் மறுபடி பிடித்துக்கொள்ளும். புரட்டாசி பாதி ஓய்வு. ஐப்பசியும் கார்த்திகையும் ஓடியபிறகு, மார்கழியில் கடைக் கதவைத் தூக்குவது பழக்க தோஷத்துக்காகத்தான்.

மாதம் மட்டும் மோதினால் பரவாயில்லை, மணியும் மோதும். முகூர்த்தம் நாலரையிலிருந்து ஆறு, இல்லையென்றால் ஆறிலிருந்து ஏழரை. நாகமரைத் துறையில் வெளிச்சம் வேலை செய்கிற நேரமும் அதேதான். துறை இருப்பது மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கிழக்குக் கரை. சூரியன் நம் முதுகுப்பக்கம் ஏறும். எதிர்க்கரையில் பண்ணவாடியும், அதற்கும் பின்னால் மாதேஸ்வரன் மலைப்பக்கமும் முதல் வெயிலை நேராக வாங்கும். அந்த நேரத்தில் நான் ஏதாவது ஒரு மண்டபத்தில் ஹோமப் புகைக்குள், தாலி கட்டும் கையை மறைத்துக்கொண்டு நிற்கும் நாத்தனாரிடம் "அம்மா, கொஞ்சம் தள்ளுங்கம்மா" என்று கெஞ்சிக்கொண்டிருப்பேன். பந்தி முடிந்து வெளியே வரும்போது எட்டரை. கோடையில் எட்டரை வெயிலுக்கு என்ன படம் எடுப்பது?

ஃபிலிம் காலத்தில் இதற்கு ஒரு வழி இருந்தது. பென்னாகரத்தில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் காட்டிய வழி. அவர் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' கறுப்பு வெள்ளை ரோலில் கை பழகியவர்; ஒரு அங்குல ஃபிலிமைக்கூட வீணாக விடமாட்டார். வெளிச்சத்தில் ரோல் மாட்டினால் கவுண்டர் ஒன்றுக்கு வருவதற்குள் இரண்டு மூன்று தட்டு வெத்தாகப் போகும். அவர் இருட்டறைக்குள் போய், நாக்கை ஸ்பூலில் செருகி, விரல் நுனியால் பல்லைத் தடவிப் பார்த்துவிட்டு முதுகை மூடுவார். ரோலுக்கு முப்பத்தெட்டு வரும். "பார்ட்டிக்கு முப்பத்தாறு, மிச்சம் உனக்கு" என்பார். அந்த மிச்சம்தான் என் பொழுதுபோக்கு. கல்யாணம் முடிந்து லீவரைத் தட்டும்போது விரலில் இழுப்பு தெரியும், அங்கே நிறுத்திவிடுவேன். வீடு திரும்பும் வழியில் நெருப்பூர் ரோட்டில் சைக்கிளை நிறுத்தி, இருப்பதை வைத்து ஒரு பனைமரமோ, ஒரு கேழ்வரகுக் களமோ. அதே இருநூறு ஏஎஸ்ஏ ரோல், 125-க்கு 11. இரண்டே படம் என்பதால் அரைமணி நேரம் பார்த்துவிட்டுத்தான் விரல் இறங்கும். கடைசிப் படத்தில் முரட்டுத்தனம் காட்டினால் பர்ஃபரேஷன் கிழிந்து கல்யாணமே போய்விடும் என்ற பயம் வேறு. ஆசைக்கு அவ்வளவு பயம் நல்லது என்று இப்போது தோன்றுகிறது.

கலர் லேபில் ரோலைக் கழுவிப் பிரிண்ட் போட்டு வரும் கட்டில், மாலை மாற்றல், பாத பூஜை, பந்தி எல்லாம் முடிந்து கடைசியில் ஒரு பனைமரம் இருக்கும். சில வீடுகளில் அதையும் ஆல்பத்தில் ஒட்டிவிட்டார்கள்.

இனி நந்திக்கு வருகிறேன். சொல்ல வந்ததே அதுதான்.

மேட்டூர் அணை கட்டத் தொடங்கியது 1925-ல், முடிந்தது 1934-ல். தண்ணீர் ஏறியதும் ஆற்றோரத்து ஊர்கள் கோயிலையும் வயலையும் விட்டுவிட்டு மேடேறின. பண்ணவாடிப் பக்கத்தில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், ஒரு கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் தண்ணீருக்குள் தங்கிவிட்டன. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. மட்டம் 80 அடிக்குக் கீழே இறங்கும்போது கோபுரம் தலைகாட்டும், 70-ஐ ஒட்டி நந்தி. மட்டம் இறங்கிய வருஷமெல்லாம் செய்தித்தாளில் படம் வரும். பந்தியில் இலைக்குக் காத்திருக்கும்போது பக்கத்து நாற்காலிக்காரர் விரித்த பேப்பரில் நான் அதைப் பார்த்ததுண்டு. எவனோ ஒருவன் நட்ட நடுப்பகலில் போய் எடுத்திருப்பான்.

எனக்கு வேண்டிய படம் ஒன்றே ஒன்று. நந்தியின் கழுத்துவரை தண்ணீர், முதல் வெயில், அலை இல்லாத நீர். இதில் எது தவறினாலும் போச்சு. மட்டம் கூடினால் திமில் மட்டும் தெரியும். தெரியாதவன் அதைப் பாறை என்பான். குறைந்தால் நந்தி வெடித்த சேற்றில் உட்கார்ந்திருக்கும், சுற்றிலும் ஆடு, மோட்டார் பைக், முதுகில் ஏறி நிற்கும் இளவட்டம். தண்ணீர் விட்டுப்போன மண்ணில் உழவர்கள் கேழ்வரகும் கடலையும் போட்டுவிடுவார்கள். அது வேறு படம், அதுவும் நல்ல படம்தான், ஆனால் என் படம் இல்லை. கழுத்தளவு என்பது சில நாள் கணக்கு. பரிசல்காரர் ஒருவர் எனக்குத் தகவல் சொல்வார். அடிக்கணக்கெல்லாம் அவரிடம் கிடையாது. "திமிலு தெரியுதுங்க", "காது வந்துருச்சுங்க", "கழுத்துக்கு வந்துருச்சு, சீக்கிரம் வாங்க". கழுத்துக்கு வந்துவிட்டது என்று அவர் சொல்லும் நாளில் என் டைரியைத் திறந்தால் வளர்பிறை முகூர்த்தம் வரிசையாக நிற்கும்.

ஏன் அப்படி என்பதைச் சொல்லத் தேவையில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். டெல்டா பாசனத்துக்கு அணை திறப்பது வழக்கமாக ஜூன் 12. குடகில் மழை பிடித்து வெள்ளம் ஒகேனக்கல்லைத் தாண்டி வருவது பெரும்பாலும் ஜூலையில். ஆகவே தண்ணீர் அடிமட்டத்தில் கிடப்பது சித்திரை, வைகாசி, ஆனி. நான் செத்துச் சுண்ணாம்பாகிற மாதங்கள். ஆடி பிறந்து கை ஓயும்போது, புதுவெள்ளம் வந்து நந்தியை மூடிவிடும். பஞ்சாங்கமும் பருவமழையும் சேர்ந்து எனக்கு எதிராகச் செய்த ஏற்பாடு இது.

ஒரு வருஷம் இரண்டும் ஏமாந்தன. 2024 ஜூலைத் தொடக்கத்தில் மட்டம் 40 அடியை ஒட்டிக் கிடந்தது. ஆடி பிறந்தபோது நந்தி முழுசாக வெளியில்தான் இருந்தது. முகூர்த்தம் கிடையாது, கடையில் ஈ ஓட்டுகிற வேலை, தண்ணீர் ஏற ஏற ஒரு நாள் கழுத்தைத் தொட்டே ஆக வேண்டும். போனேன். ஆடிக்காற்று என்றால் என்ன என்று தேக்கத்தின் நடுவில் பரிசலில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். நீர் முழுக்கச் செதில் செதிலாக அலை. வானம் மேற்கிலிருந்து மூடிக்கொண்டு, வெயில் என்ற பேச்சே இல்லை. புதுவெள்ளத்தில் தண்ணீரும் செம்மண் கரைசல். நந்தி கழுத்தளவில் இருந்தது, மற்ற எதுவும் இல்லை. ஜூலை 30-ஆம் தேதி அணை 120-ஐத் தொட்டுவிட்டது. எடுத்த படங்களை இன்னும் அழிக்கவில்லை. யாருக்கும் காட்டவும் இல்லை.

அடுத்த தையில் கடையைக் கைமாற்றினேன். எல்லோரும் சொன்ன 'சும்மா' வந்தது. முதல்முறையாக ஒரு வைகாசி முழுக்க எனக்கு முகூர்த்தமே இல்லை. அந்த 2025 கோடையில் தண்ணீர் 100 அடிக்குக் கீழே இறங்கவே இல்லை. ஜூன் 29-ல் அணை நிரம்பியும் விட்டது. ஆர்வம் இருந்தால் நேரம் தானாக வரும் என்றவரைத் தேடிப்போய்ச் சொல்லலாம் என்று பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் தடுத்துவிட்டார்.

ஓய்வும் ஆசையும் ஒரே மாதத்தில் வாய்த்த ஒருவர் உண்டு. அமெரிக்காவில் வெர்மான்ட் என்ற பகுதியில் ஜெரிக்கோ என்றொரு கிராமம். அங்கே வில்சன் பென்ட்லி என்றொரு விவசாயி, 1865-ல் பிறந்தவர். மாடு, வைக்கோல், பால் என்று கோடை முழுக்க வேலை. பனிக்காலத்தில்தான் கை சும்மா இருக்கும். அதனால் அவர் பனியையே எடுத்தார். நுண்ணோக்கியோடு கேமராவைப் பொருத்தி, 1885 ஜனவரியில் முதல் பனித்துகளைப் படம்பிடித்தார். சாகும்வரை ஐயாயிரத்துக்கும் மேல் எடுத்தார். 1931-ல் அவர் இறப்பதற்குச் சற்று முன்புதான் படங்கள் பெரிய புத்தகமாக வந்தன. மனிதர் கெட்டிக்காரர். கோடையில் பூக்கும் எதன்மேலாவது ஆசை வைத்திருந்தால் என் கதிதான் அவருக்கும்.

நானும் மார்கழியை எடுத்திருக்கிறேன், பொய் சொல்லக்கூடாது. என் பெட்டியில் தேறுகிற படங்கள் அத்தனையும் மார்கழிப் படங்கள்தான். விடியலில் தேக்கத்தின்மேல் மூட்டம் இறங்கும்போது வலை எடுக்கப் போகும் பரிசல் ஒரு புள்ளியாக மிதக்கும். மீட்டர் பேச்சைக் கேட்டால் மூட்டம் சாம்பலாகிவிடும், ஒன்றரை ஸ்டாப் திறக்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூட்டம் கலைவதற்கும் முதல் பஸ் வருவதற்கும் இடையில் கிடைப்பதுதான் கணக்கு. முகூர்த்த மாதங்களில் கேமராவைத் தொடாமலே இதற்கு வேலை பார்ப்பேன். கல்யாணத்துக்குப் போகும் வழியில் எந்த வளைவில் தண்ணீர் தெரிகிறது, எந்தப் பக்கம் கரண்ட் கம்பி இல்லை என்று பார்த்துவைத்தால், மார்கழியில் தேடி அலைய வேண்டாம்.

இப்போது தொழிலில் இருக்கும் பிள்ளைகளுக்கு மிச்சம் என்பதே கிடையாது. ஒரு கல்யாணத்துக்கு நாலாயிரம் படம் எடுக்கிறார்கள். எடுக்க ஒரு நாள், கழிக்க மூன்று ராத்திரி. நாலாயிரத்தில் தங்களுக்கென்று ஒன்றுகூட எடுப்பதில்லை. இடமில்லாமல் இல்லை, கார்டு காலியாகத்தான் இருக்கிறது. "சீசன் முடியட்டும்ணே" என்கிறார்கள். சீசன் முடிந்தால் எடிட்டிங், ஆல்பம் டிசைன். வெளிச்சம் பார்ப்பது அவர்களுக்குக் கம்ப்யூட்டரில் நடக்கிற வேலை. ஒரு தம்பி நந்தியை எடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருந்தான். டிரோனில் எடுத்தது, கழுத்தளவு தண்ணீர், கண்ணாடி மாதிரி நீர், நந்திக்குப் பின்னால் செக்கச்செவேல் என்று சூரியன் உதிக்கிறது. ஊரே பாராட்டியது. நாகமரையிலிருந்து எடுத்த படம். நந்திக்குப் பின்னால் தெரிவது மேற்கு. மேற்கில் உதிக்கும் சூரியனைச் சாஃப்ட்வேரில் ஒட்டியிருக்கிறான் என்று நான் சொன்னபோது, "யாருங்க அதெல்லாம் பாக்கறாங்க" என்றான். நான் பார்க்கிறேன். நாகமரையில் வலை வீசுகிற ஒவ்வொருவரும் பார்ப்பார்கள். அவர்களுக்கு அவன் அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

எனக்கிருந்த இரண்டரை மாத ஓய்வும் இவர்களுக்குப் போய்விட்டது, அதுதான் பெரிய வருத்தம். ஆடியிலும் மார்கழியிலும் தாலி கட்டக்கூடாதே தவிர அவுட்டோர் எடுக்கலாம் என்று எவனோ கண்டுபிடித்துவிட்டான். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையும் பெண்ணும் புகைக்குண்டு கொளுத்திக்கொண்டு துறையில் ஓடுகிறார்கள். போன மார்கழியில் மருமகன் டைரியைக் கொண்டுவந்து காட்டினான். நான் பனிமூட்டத்துக்குக் காத்திருக்கும் நாட்களெல்லாம் பேர் எழுதியிருந்தது.

"மாமா, மூட்டம் எங்க நல்லா எறங்கும்னு உங்களுக்குத்தான தெரியும். காலையில அஞ்சரைக்கு ஒரு பார்ட்டி. வந்து எடத்த மட்டும் காட்டிட்டுப் போயிருங்க."

"ஏழரைக்கு வரச் சொல்லு" என்றேன்.

"ஏழரைக்கு மூட்டம் இருக்காதே மாமா."

"இருக்காது. கம்ப்யூட்டர்ல போட்டுக்க."